திரைக்கு அக்கட்டால

எங்கீங்க எந்திரிக்கறீங்க, கக்கூசுக்குங்களா? இப்பப் போகாதீங்க. சாப்பாட்டுத் தட்டை எடுத்ததும் மொத்த ப்ளேனும் எந்திரிச்சுப் பின்னாடி போய் நிக்குது, திரும்பிப் பாருங்க, ரேசன் கடை தோத்துது போங்க. சித்தெ உக்காருங்க. வரிசை கொறையட்டும், நானே சொல்றேன். எனக்கும் காலை மடக்கறது பெரும்பாடுங்க. முட்டிக்குப் பட்டை போட்டிருக்கனா, ஒருதரம் நீட்டிட்டா நீட்டுனதுதான். தாண்டி மட்டும் போயிராதீங்க, உங்களைக் கும்புடறேன். ஆளைத் தாண்டுனா ஆகாது.

டீச்சருன்னு சொன்னீங்கல்ல, திண்டுக்கல்லுல? நல்லதாப் போச்சு. படிச்சவங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணும்னு ஏறுனதுல இருந்து நினைச்சுட்டு இருக்கேன்.

நான் இந்தப் பக்கம் உக்கார்ற ஆளே இல்லீங்க. அதா, நீலத்துல ஒரு திரை தொங்குதல்ல, அதுக்கு அக்கட்டால, முன்னாடி பிசினஸ் கிளாசுலதான் எப்பவும். எங்களுக்குக் காங்கயத்துல தேங்காயெண்ணெ மில்லு. என்ற ஊட்டுக்காரரு மெசின் பாக்க வெளிநாடு போவாரு, நானும் ஒட்டிக்கிட்டுப் போயிருக்கேன். கனடா போறப்பக் கூட முன்னாடிதான் படுத்துட்டே போனேன். வர்றப்ப திடுதிப்புனு டிக்கெட்டை மாத்துனதுல அங்க இடமில்லைன்னுட்டான். ஏன் மாத்துனாங்கன்னுதான் சொல்ல வாரேன்.

அங்கத்த கக்கூசே வேறங்க. பூ வெச்சிருப்பான். கைக்குப் பூசற களிம்பு வெச்சிருப்பான். உள்ள போனா வெளிய வர மனசு வராது. ஆனா அதுக்குன்னு ஒரு மொறை இருக்குது. கை கழுவுனா தொட்டியைத் தொடச்சு வெக்கோணும். மூடியை மெல்லமா எறக்கோணும். காகிதத்தோட நுனியை முக்கோணமா மடிச்சு உட்டுட்டு வரோணும், பின்னால வர்றவங்களுக்காக. நம்ம சனங்க மாதிரி தண்ணி பாட்டலைத் தூக்கிட்டு உள்ள போகக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வரக்கூடாது. அவங்கவங்களுக்கு அவங்கவங்க எடம். அதுக்குத்தானே நடுவுல திரையே போட்டிருக்கறான்?

மொதத் தடவை எனக்கும் தெரியாதுதான். அந்தக் கதவை நடுவுல தள்ளோணும், நான் கைப்பிடியைத் தேடிட்டு நின்னேன். என்ற ஊட்டுக்காரரு வந்து தொறந்து உட்டு, தாப்பாளை எப்பிடிப் போடறதுன்னு காட்டி, நான் வர்ற வரைக்கும் வெளிய காவலுக்கு நின்னாரு. அப்பறம் பழகிக்கிட்டேன். பழகிக்கோணும்ங்க. பழக மாட்டேன்னு அடம் புடிக்கறவங்களை என்ன பண்றது?

யாரைச் சொல்றேன்னா, என்ற சம்பந்தியத்தான். பழனாத்தான்னு பேரு. பேரைக் கேட்டாலே தெரியுதல்ல? வெள்ளகோயில் பக்கம், மேட்டாங்காட்டுல குடித்தனம், எருமை கறந்து சொசைட்டிக்குப் பால் ஊத்தறவ. புருசன் போய் ரொம்ப வருசமாச்சு. பையன் நவநீதன் நல்லாப் படிச்சுக் கனடாவுல வேலைக்குப் போயிட்டான். என்ற மக மிருதுளா அவனைத்தான் கட்டுவேன்னு நின்னா. ஒரே மக, என்ன பண்றது? சொந்தத்துக்குள்ளதான், பையனும் தங்கமான பையன், குடுத்துட்டோம். ஆனா அந்தம்மா ஒரு ஒட்டுண்ணி மாதிரி கூடவே வருமின்னு நான் கனவா கண்டேன்?

மிருது முழுகாம இருந்தா. தலைப்பிரசவம் பெத்தவ பாக்கறதுங்க. அது நம்ம மொறை, உங்க பக்கமும் அப்பிடித்தானே? கொழந்தையை மொதல்ல கையில வாங்கறது நானாத்தான் இருக்கோணும்னு அவ கல்யாணத்தன்னைக்கே நினைச்சுட்டேன். தங்கத்துல அரணாக்கொடி செஞ்சு வெச்சுட்டேன். அப்பப் பாத்து மாப்ளை போன் பண்றாரு, "அத்தை, அம்மாவும் வருது. மொத மொதல்ல ப்ளேன் ஏறுது. உங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல சீட்டுப் போட்டிருக்கேன். பெல்ட்டு எப்பிடி, பாத்ரூம் எங்கன்னு ஒருக்காக் காட்டிக் குடுத்துருங்க. அதுக்கு சக்கரை இருக்குது, நீர் மாத்திரை வேற சாப்புடுது. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்"னு.

சரிங் மாப்ளைன்னேன். அன்னைக்கே என்ற ஊட்டுக்காரருகிட்டச் சொல்லி என்னுதை மட்டும் முன்னாடி மாத்திக்கிட்டேன். அத்தனை நேரம் அந்தம்மா பக்கத்துல உக்கார முடியுங்களா? என்னதான் குளிச்சாலும் மேல எருமைக்கு வெக்கற பருத்திக்கொட்டை வாசம் அடிக்கும்.

ஏர்போர்ட்டுல கையைப் புடிச்சுக்கிட்டு, "அம்முணி, கக்கூசு எப்பிடியாட்டம் இருக்கும்? ஒருக்கா வந்து காட்டிக் குடுத்தர்றியா?"ங்குது. அம்முணியாம்! ஊருக்குள்ள கூப்புடறது சரி, ஏர்போர்ட்டுல நாலு பேர் நடுவுல? "படம் போட்டிருக்கும், பாத்துப் போங்க"ன்னு சொல்லிட்டு நான் முன்னாடி வரிசையில போய் நின்னுட்டேன். திரும்பிப் பாக்கலை. திரும்பிப் பாத்தா கையாட்டும்னு தெரியும்.

என்னங்க டீச்சர், நெளியறீங்க? அந்தச் சாப்பாட்டு வண்டி இன்னும் போகலீங்க, ஓஸ்டஸ் புள்ளை வழியை அடைச்சுட்டு நிக்கறா. ரெண்டு டம்ளர் ஜூசு வாங்கிக் குடிச்சீங்க, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். இந்தப் பக்கம் உக்காந்தா கொஞ்சமாக் குடிக்கோணும். நான் ஏறுனதுல இருந்து நாக்கைத்தான் நனைச்சிருக்கேன்.

போறப்ப அங்க முன்னாடி எனக்குப் பக்கத்துல ஒரு மெட்ராஸம்மா. வைரத்தோடு, பேச்சே பூ மாதிரி. ஊட்டுக்காரரு பெரிய கம்பெனியில டைரக்டராம். நல்லாப் பழகிட்டோம். "உங்க சம்பந்தி வீட்டுல என்ன பண்றாங்க?"ன்னு கேட்டாங்க. எருமை கறக்கறாங்கன்னு வாய் வருமா? வால்பாறையில காப்பி எஸ்டேட்டுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லி வெச்சேன். அவங்களும் எனக்குக் காப்பி உசுருன்னாங்க. ஊருக்குப் போனதும் ஒரு மூட்டை அனுப்பறேன்னேன்.

பாதி தூரம் போயிருக்கும். திரை ஆடுச்சு. பாத்தா, நடுவுல பழனாத்தா மூஞ்சி. கண்ணை மூடி மூடித் தொறக்குது. செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, கோயிலுக்குள்ள வர்ற மாதிரி காலை எட்டு வெக்குது.

பின்னாடி கக்கூசு இல்லாமயா போச்சு? இருக்குது. என்ன நடந்துதுன்னு அப்பறம் தெரிஞ்சுது. அந்தம்மாவுக்கு ஜன்னலோரத்து சீட்டு. என்ற சீட்டு காலியானதுல அங்க ஒரு வெள்ளைக்காரன் வந்து உக்காந்துட்டான். மலையாட்டம் இருப்பான் போல, காலை நீட்டித் தூங்கிட்டான். தூங்கறவனைத் தாண்டுனா அவனுக்கு ஆகாதுன்னு இது எந்திரிக்கவே இல்லை. எழுப்பறதும் பாவமாம். அவன் யாரோ, எந்த ஊரோ, அவனுக்கு ஆகாட்டி இவளுக்கென்ன போச்சு? மணிக்கணக்கா பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்குது. அவன் எந்திரிக்கறப்ப பின்னாடி நீள வரிசை, இதே மாதிரி. நிக்க முடியலை. சரி, நம்ம அம்முணி முன்னாடிதானே இருக்குதுன்னு வந்துருச்சு. பட்டிக்காட்டுப் புத்தியைப் பாத்தீங்களா!

ஏர் ஓஸ்டஸ் புள்ளை ஓடியாந்து மறிச்சா. இதுக்கு இங்கிலீசும் வராது, ஒண்ணும் வராது. வவுத்தைப் புடிச்சுக்கிட்டு, மறு கையை நீட்டி என்னையக் காட்டுது. "அம்முணி... அம்முணி..."ங்குது. அந்தப் புள்ளை நல்லவதான், குத்தம் சொல்லக் கூடாது. எங்கிட்ட வந்து குனிஞ்சு, "மேடம், இவங்க உங்க கூட வந்தவங்களா? உங்க ஆளுன்னா பரவால்ல, இங்கயே போகட்டும்"னு கேட்டா.

மெட்ராஸம்மா என்னையப் பாக்கறாங்க. நான் என்னங்க பண்ணட்டும்? இதுதான் எங்க காப்பி எஸ்டேட்டுன்னு சொல்லட்டுமா?

"நோ. நாட் டுகெதர்"னேன்.

பொய்யில்லீங்களே! ஒட்டுக்கா வரலைன்னேன். அவ டிக்கெட்டு வேற, என்ற டிக்கெட்டு வேற. ஒரே வார்த்தையில பதவிசாச் சொன்னேன், சத்தம் கூடப் போடலை. வேணும்னா மொறைச்சுப் பாத்து வெரட்டியிருக்கலாம்ல? அதெல்லாம் பண்ணலை.

இங்கிலீசு தெரியாட்டியும் நான் தலையாட்டுனது தெரிஞ்சுருச்சு போல. என்ற மூஞ்சியவே பாத்துது. அப்பறம் நீட்டுன கையை எறக்கிக்கிட்டு அந்தப் புள்ளைகிட்டத் தமிழ்ல சொல்லுது, "ஆள் மாறிப் போச்சு கண்ணு"ன்னு.

கேட்டுக்குங்க! நான் சொல்லலை, அவளே சொன்னா. ஆள் மாறிப் போச்சுன்னு அவ வாயாலயே சொல்லிட்டா. அப்பறம் என்ற பேர்ல என்ன குத்தம்?

திரும்பி ரெண்டு எட்டு வெச்சிருக்கும். அங்கயே, அந்தத் திரையைப் புடிச்சுக்கிட்டு, நின்ன எடத்துலயே ஆயிருச்சு. கம்பளம் விரிச்சிருக்கற எடங்க! செருப்பு கையில, வெறுங்கால். அத்தனை பேரும் பாக்கறாங்க. நான் கண்ணுக்குத் துணி போட்டுட்டுப் படுத்துட்டேன். எனக்கு அதெல்லாம் பாத்தாக் கொமட்டும்.

அந்த மெட்ராஸம்மாதான் எந்திரிச்சுப் போனாங்க. அவங்க போத்தியிருந்த நல்ல சால்வையைச் சுத்தி உட்டு, "வாங்கம்மா, ஒண்ணுமில்ல, வாங்க"ன்னு அந்தப் பூ வெச்ச கக்கூசுக்கே கூட்டிட்டுப் போயி, கதவுக்கு வெளிய நின்னாங்க. அந்தச் சால்வையை இனி யாரு போத்துவா, சொல்லுங்க? திரும்பி வந்து எங்கிட்ட, "அந்தம்மா உங்களைத்தானே அம்முணின்னு கூப்பிட்டாங்க?"ன்னு கேட்டாங்க. "எங்க பக்கம் எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க"ன்னேன். அதுவும் உண்மைதானே? அதுக்கப்பறம் எறங்கற வரைக்கும் அந்த மெட்ராஸம்மா எங்கூடப் பேசலை. பெரிய எடத்துக்காரங்க அப்பிடித்தான், என்ன நேரத்துல என்ன திமிரு வரும்னு தெரியாது.

இருங்க இருங்க, கைப்பிடியைப் புடிக்காதீங்க, என்ற கால் இடிக்குது. இன்னும் ஆறு பேர் நிக்கறாங்க, நான் பாத்துட்டேன். இனிமேத்தான் நாயமே இருக்குது.

அங்க போய் எறங்குனா மாப்ளை வந்து நிக்கறாரு. "என்னம்மா சீலை மாத்தியிருக்கே?"ங்கறாரு. "தண்ணி கொட்டிக்கிட்டேன் சாமி"ங்குது. என்னையப் பத்தி ஒரு வார்த்தை வரலை. நல்லது, அதோட உட்டிருக்கலாம். ஆனா எனக்கு அந்தம்மா ஊட்டுக்குள்ள நடமாடறதே ஆகலைங்க. மிருதுவுக்குக் கால் அமுக்கி உடுது, தலைக்கு எண்ணெய் வெக்குது, அவளும் அத்தை அத்தைன்னு பின்னாடியே சுத்தறா. நான் கொண்டு போன முறுக்கு டப்பாவைத் தொறக்கலை, அந்தம்மா அரைச்ச கொள்ளுத் துவையலுக்கு நாக்கைச் சப்புக் கொட்டறா. பெத்தவளுக்கு எரியுமா எரியாதா?

ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கோம். அந்தம்மா தோசை சுட்டுப் போட்டுட்டு இருக்குது. மிருது இருமுனா. இருமிட்டு, "ஐயோ அம்மா, இப்பெல்லாம் இருமுனாலே ரெண்டு சொட்டு வந்துருது"ன்னு சிரிச்சா. மாசமாயிருந்தா அப்பிடித்தானே. எனக்கு வாய் சும்மா இருக்கலை. "அட, உனக்காச்சும் ரெண்டு சொட்டு. உன்ற மாமியா ப்ளேன்லயே ஆறா ஓட உட்டுருச்சு"ன்னேன். தமாசுக்குங்க! செருப்பைக் கையில புடிச்சுட்டு வந்தது, அம்முணி அம்முணின்னது, எல்லாத்தையும் நடிச்சே காட்டுனேன். எனக்கு நல்லா நடிக்க வரும், எங்க பக்கம் கல்யாண ஊட்டுல என்னையச் சுத்தித்தான் கூட்டம்.

யாரும் சிரிக்கலை. மாப்ளை கையைத் தட்டுலயே வெச்சுட்டாரு. மிருது கேக்கறா, "அத்தை உன்னையத்தான் காட்டுனாங்களா?"

"என்னையத்தான். மானமே போச்சு."

"நீ என்னம்மா சொன்னே?"

"நாட் டுகெதர்னேன். வேற என்ன சொல்றது?"

அடுப்புல தோசை தீயுது. அந்தம்மா திரும்பி, "அது நாந்தான் கண்ணு, வெளிச்சம் பத்தலை, ஆள் மாறி வேற யாரையோ காட்டிட்டேன். அம்மா மேல ஒண்ணுமில்லை"ங்குது. பாத்தீங்களா கள்ளத்தனத்தை? நல்லவளாட்டம் பேசியே என்ற மகளைக் கைக்குள்ள போட்டுக்கிட்டா. அன்னையில இருந்து மிருது எங்கூட முகங்குடுத்துப் பேசலை. வாய் உட்டுத் திட்டிட்டாக் கூடப் போயிரும்.

வலி வந்துச்சு. ஆஸ்பத்திரியில புருசன் போக ஒரு பொம்பளை உள்ள போகலாம்னாங்க. நான் அரணாக்கொடியைப் பையில போட்டுக்கிட்டு, சீலையை இழுத்துச் சொருகிட்டு முன்னாடி போய் நின்னேன். பெத்தவ நானு. கதவுகிட்ட நர்சு நிறுத்தி மிருதுகிட்டக் கேட்டா, இவங்க உங்க கூட வந்தவங்களான்னு.

எம் மக தள்ளுவண்டியில படுத்துட்டு என்னைய நிமுந்து பாத்தா. நல்லாத்தான் பாத்தா. "நோ. நாட் டுகெதர்"னுட்டா.

வலியிலங்க. வலியில மனுசருக்கு என்ன பேசறோம்னு தெரியாது. மருந்து வேற குடுத்திருப்பாங்க. அந்த வார்த்தையை எங்க புடிச்சாளோ, வாயில வந்ததைச் சொல்லிட்டா. கையை நீட்டி அந்தப் பழனாத்தாளைக் கூப்புட்டா. அது என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுது, "நீ உள்ள போ அம்முணி, நீ போ"ங்குது. நர்சு அதுக்குள்ள அதைக் கூட்டிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. நான் சுவத்தோட சுவரா நின்னேன். பேத்தி அழுகற சத்தம் வெளிய கேட்டுச்சு. நல்ல கணீர்னு, எங்க வம்சத்துத் தொண்டை. எனக்கும் அழுகை வந்துச்சுங்க, ஏன் பொய் சொல்லோணும், அந்த வாசல்ல உக்காந்து ஓன்னு அழுதேன்.

கையில குடுக்கலைங்க. எனக்குச் சளியாம், கொழந்தைக்கு ஒட்டிக்குமாம். எருமைக் கொட்டாய்ல கிடந்தவளுக்கு ஒட்டாத சீக்கு எனக்கு ஒட்டிருச்சு! அப்பறம் மாப்ளை வந்து, "அத்தை, இந்தக் குளிரு உங்க முட்டிக்கு ஆகாது, டிக்கெட்டை முன்தேதிக்கு மாத்திட்டேன்"னாரு. மரியாதைக்கு ஒரு கொறைவு இல்லை. பொட்டியைத் தூக்கி வண்டியில வெச்சாரு. மிருது வாசலுக்கு வரலை. இதா, அரணாக்கொடி பையிலயே இருக்குது, பாருங்க. பாருங்கன்னா! கனத்தைப் பாருங்க.

என்னங்க, முகமெல்லாம் வேர்த்திருக்குது? ஏசி இத்தனை அடிக்குது. எந்திரிக்காதீங்க, தாண்டாதீங்கன்னு சொன்னனல்ல! என்னையத் தாண்டுனா எனக்கு ஆகாதுங்க, இருக்கற கெரகம் போதாதா? மடக்கறேன், காலை மடக்கறேன். ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிட்டுப் போங்க. நீங்க படிச்சவங்க, நாலு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க. நான் பண்ணது தப்பா? பின்னாடி இருக்கறவ முன்னாடி வரக்கூடாதுங்கறது மொறையா இல்லையா? சொல்லுங்க, உடனே உட்டர்றேன்.

சத்தமாச் சொல்லுங்க, எஞ்சின் இரைச்சல்ல கேக்கலை.

தப்பில்லையா? தப்பே இல்லையா! அப்பாடா, என்ற வவுத்துல பாலை வாத்தீங்க. சாமி சத்தியமா இன்னைக்குத்தான் எனக்கு நெஞ்சு லேசாச்சு. எறங்குனதும் மொத வேலையா மிருதுவுக்குப் போன் போட்டுச் சொல்றேன், ஒரு டீச்சரே சொல்லிட்டாங்கன்னு. உங்க பேரு என்னன்னு சொன்னீங்க? இருங்க, போன்ல பேசிப் பதிஞ்சுக்கறேன், நீங்களே உங்க வாயால...

அடடா. டிங்குனுச்சு பாருங்க. பெல்ட்டு வெளக்கைப் போட்டுட்டான். ப்ளேன் குலுங்குதல்ல, இனி அது அணையற வரைக்கும் யாரையும் உட மாட்டாங்க. அதா, அந்தப் புள்ளை கையைக் காட்டறா, உக்காரச் சொல்றா. உக்காருங்க டீச்சர், மொறைன்னா மொறைதான்.

நீங்க ஏங்க அழுகறீங்க? நல்லாருக்குது போங்க. அவசரம்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் என்ன உட மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?